மார்லிஸின் வெள்ளை வில்லை

டோர்வாலில் மார்லிஸ் ஹோகனைத் தெரியாத குழந்தை கிடையாது. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் மதியச் சாப்பாடு போடுகிறவள் அவள்தான். தட்டை நீட்டுகிற முகத்தைப் பார்த்தே, யாருக்கு மசித்த உருளைக்கிழங்கு இன்னொரு கரண்டி வேண்டும், யார் பட்டாணியை நாப்கினில் சுருட்டி ஒளிக்கப்போகிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவாள். ஜூனில் பள்ளிக்கூடம் பூட்டியதும் சமையற்கட்டுத் தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாரணர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு கோடை முடிகிறவரை சாரணரில் சிறுசுகளான ஊர்க் குருளையர் படைக்குத் தளபதி, சமையல்காரி, கொசுக்கடிக்கு மருந்து போடுகிறவள் எல்லாம் அவள்தான்.

குரல் என்றால் அது குரல். ஏரியின் இந்தக் கரையில் நின்றுகொண்டு "தொப்பி எங்கே?" என்று கேட்டாளானால் அந்தக் கரையில் மீன்பிடிக்கிறவர்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். பாட்டு மட்டும் சுத்தமாக வராது. வராது என்று அவளுக்கும் தெரியும், ஆனாலும் தீமூட்டி உட்கார்ந்தால் முதலில் எடுப்பவள் அவள்தான். பிள்ளைகளும் அதே சுருதியில் பழகிப்போய், அந்தப் படை பாடினாலே மற்ற ஊர்ப் படைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, கோடையை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று தெரிந்தவள். அரைத்த மாட்டிறைச்சியும் காரட்டும் உருளைக்கிழங்கும் அலுமினியத் தகடுத்தாளில் பொட்டலம் கட்டித் தணலில் புதைக்கச் சொல்லித்தருவாள். எந்தப் பொட்டலம் யாருடையது என்று ஒவ்வொரு தடவையும் குழம்பி ஒரு சண்டை நடக்கும். கத்தியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் சோப்புக்கட்டியில் மீன் செதுக்கவைப்பாள். மழை வந்தால் கூடாரத்துக்குள் ஓடவிடமாட்டாள், சேற்றில் சறுக்குப் போட்டி வைத்துவிடுவாள். வீட்டுக்குத் திரும்புகிற பிள்ளையின் காதுக்குள் மண் இல்லையென்றால் அன்றைக்கு ஏதோ குறை என்பது அவள் கட்சி.

இத்தனையும் தெரிந்த மார்லிஸுக்கு நீந்தத் தெரியாது.

ஊரைச் சுற்றித் திரும்பிய பக்கமெல்லாம் ஏரி. நடக்கத் தெரிவதற்கு முன்பே குழந்தைகள் தண்ணீரில் கிடக்கும். மின்னசோட்டாவின் இந்த மூலையில் ஒருத்தி நீச்சல் தெரியாமல் இருப்பதை வெளியே சொல்ல முடியுமா? மார்லிஸ் பிறந்தது மேற்கே, டகோட்டா பக்கத்துக் கோதுமைப் பண்ணையில். அங்கே தண்ணீர் என்றால் மாட்டுத் தொட்டியில் நிற்பதுதான். வெர்லின் ஹோகனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்த முதல் கோடையில், எல்லாரும் ஏரிக்கரை மரமேடையிலிருந்து தொப்புத் தொப்பென்று குதித்தபோது, காதுவலி என்று ஒரு பொய் சொன்னாள். அந்தக் காதுவலி அப்படியே நிலைத்துவிட்டது.

சுற்றுப்பட்டு ஊர்ப் படைகளெல்லாம் கோடையில் கூடுகிற ஏரிக்கரை முகாமின் நீச்சல்துறையில் ஒரு பலகை உண்டு. தண்ணீரில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வட்ட வில்லை. நீச்சல் தேர்வில் தேறியவர்களுக்கு நீலமும் சிவப்பும், அரைகுறைக்குச் சிவப்பு, தெரியாதவர்களுக்கு வெறும் வெள்ளை. யாரும் தனியாக இறங்கக் கூடாது, ஜோடி வேண்டும். இறங்கும்போது இருவர் வில்லைகளும் பலகையில் ஒரே ஆணியில் தொங்க வேண்டும், ஏறியதும் அவரவர் கழற்றிக்கொள்ள வேண்டும். எல்லாரும் ஏறிய பிறகும் ஒரு வில்லை தொங்கினால் யாரோ தண்ணீருக்குள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வில்லையைக் கழற்ற மறக்கிற பிள்ளையை மார்லிஸ் சும்மா விட்டதில்லை. மறந்தவன் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைமேல் ஏறி நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். அதுவும் தனியாக.

அவளுடைய வில்லை வருஷா வருஷம் வெள்ளை. முழங்கால் தண்ணீரில் நின்று பொடிசுகளைப் பார்த்துக்கொள்வதற்கு அது போதும். பெயர் எழுதிய மைகூட அழிந்துபோய்விட்டது. பிள்ளைகள் என்ன நினைத்துக்கொண்டார்கள் என்றால், தலைவருக்கும் வெள்ளைதான் அடையாளம் என்று. யார் கிளப்பிவிட்டதோ தெரியாது. மார்லிஸ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் வந்தது வினை. குருளையர் படையில் கடைசி வருஷம் முடிக்கிற பிள்ளைகளைத் துடுப்புப் படகில் ஏற்றி ஏரி நடுவிலிருக்கும் லூன் தீவுக்குக் கூட்டிப்போவது வழக்கம். ஒரு ராத்திரி அங்கே. பெரியவர்கள் கூடாரம் அடித்துத் தரமாட்டார்கள், அடுப்பும் அவர்களே மூட்ட வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பிள்ளைகள் கனவு காண்பது அந்தத் தீவைத்தான். கூடப்போகிற பெரியவர்களில் இரண்டு பேராவது அந்த வருஷத்து நீச்சல் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்பது முகாம் விதி. ஒருத்தி கிர்ஸ்டன், ஒரு பையனின் அம்மா. இன்னொருவர் எப்போதும் தபால்காரர் டுவேன். டுவேனோ கூரைத் தகரக்குழாயில் அடைத்த இலையை எடுக்கிறேன் என்று ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டை பிசகி, கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு நின்றார். மற்ற அப்பா அம்மாக்களில் ஒருவருக்கு வைக்கோல் அறுவடை, ஒருவருக்கு ஆஸ்பத்திரி முறைவேலை. ஆள் இல்லை, அதனால் தீவு இல்லை என்று டுவேன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

பிள்ளைகளின் முகம் விழுந்துபோயிற்று. ஜூனி என்று ஒரு வாயாடி, முன்பல் இரண்டும் இல்லாதவள், அந்தக் கூட்டத்திலேயே வெள்ளை வில்லை வைத்திருக்கிற ஒரே பெண். நீந்தத் தெரியாத பிள்ளை தேறிய பெரியவர் இருக்கிற படகில்தான் போகலாம். அவள்தான் எழுந்து நின்றாள்.

"மிஸ் இருக்காங்கல்ல? அவங்க தலைவர் கலரே வச்சிருக்காங்களே!"

பிள்ளைகள் ஓ என்று கத்தின. மார்லிஸ் வாயைத் திறந்தாள். முடியாது என்று சொல்லத்தான் திறந்தாள். வெளியே வந்தது "சரி" என்ற சொல். வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

முகாமுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வெர்லின்தான் வாத்தியார். காலையில் படகுகள் வருவதற்கு முன்னால் ஏரியில் இறக்கி, மோவாய்க்குக் கீழே கையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்வார். நல்ல மனுஷன், ஆனால் இதுவரை அவர் நீச்சல் சொல்லிக்கொடுத்தது நாய்க்குத்தான். "தண்ணி உன்னத் தூக்கும் மார்லிஸ், நீ அதோட மல்லுக்கு நிக்காம இரு" என்பார். மல்லுக்கு நிற்காமல் அவள் எதைத்தான் செய்திருக்கிறாள்? கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் அவ்வளவு சண்டை போட்டதில்லை, அவ்வளவு சிரித்ததும் இல்லை.

ஒருநாள் காலையில் ஜூனி சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிட்டாள். புழு பொறுக்க வந்தவள். இடுப்பளவு தண்ணீரில் காலை உதறிக்கொண்டிருந்த மிஸ்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மிஸ், உங்களுக்கு நீச்சல் தெரியாதா?"

"மெதுவாப் பேசுடி."

"நெசமாவே தெரியாதா? என்ன மாதிரியா?"

"உன்ன மாதிரியேதான்."

ஜூனிக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் கிறிஸ்துமஸுக்குக்கூட வந்திருக்காது. சாயங்காலத்துக்குள் படை முழுவதும் தெரிந்துவிட்டது. மார்லிஸ் கூனிக்குறுகிப் போனாள், ஆனால் பிள்ளைகள் கேலி செய்யவில்லை. அடுத்த நாள் காலை எல்லாரும் கரையில் துண்டும் கையுமாக வந்து நின்றார்கள், மிஸ்ஸுக்குச் சொல்லித்தருவதற்கு. ஒருவன் மூச்சை விடு என்றான், இன்னொருவன் விடாதே பிடி என்றான். தவளை மாதிரி உதை என்று ஒருத்தி, கத்தரிக்கோல் மாதிரி என்று இன்னொருத்தி. இத்தனை வருஷம் அவள் அவர்களை விரட்டியதற்கெல்லாம் வட்டியும் முதலுமாக அவளை விரட்டினார்கள். மார்லிஸ் தண்ணீரைக் குடித்தாள், துப்பினாள், திட்டினாள், மறுபடி நீந்தினாள். மூன்றாவது வாரத்தில், ஆழமில்லாத இடத்தில், கரையோரமாகவே போய்த் திரும்பிவரக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஆழம்தான் வேறு சங்கதி.

முகாமில் தேர்வு நாள். லைஃப்கார்டு அண்டர்ஸ் மேடையில் நீளக் கழியோடு நின்றான். பத்தொன்பது வயசுப் பையன், ஒரு காலத்தில் மார்லிஸின் குருளையன், மேசைமேல் ஏறிப் பாடியவர்களில் ஒருவன். மார்லிஸின் ஜோடி ஜூனிதான். ஜூனி மேடை ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார, மார்லிஸ் இறங்கினாள். மேடையிலிருந்து ஆழத்துக்குள் நீள்கிற கயிற்றோரமாகப் போக வேண்டும், திரும்பி வர வேண்டும், கடைசித் தடவை மல்லாந்து வர வேண்டும், பிறகு அசையாமல் மிதக்க வேண்டும். முதல் தடவை போனாள், வந்தாள். இரண்டாவது தடவை போகும்போது நீச்சல் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துவிட்டாள். மணல் சட்டென்று முடிந்து தண்ணீர் கறுப்பாகிற இடம். அவ்வளவுதான், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அண்டர்ஸ் நீட்டிய கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மேடையில் ஏறியவள் யாரையும் பார்க்கவில்லை. பரவாயில்லை என்று அண்டர்ஸ் சொன்னது காதில் விழவில்லை. தீவு போச்சு, நான்தான் கெடுத்தேன் என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் அவள் மண்டைக்குள் இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக முகாம் சமையற்கட்டுக்குப் போய், யாரும் கேட்காமலே ஒரு மூட்டை உருளைக்கிழங்கை இழுத்துவைத்துத் தோல் சீவ ஆரம்பித்தாள். அழுதாளா என்றால், அழுதாள்.

உருளைக்கிழங்கு பாதி ஆவதற்குள் சங்கு ஊதியது. நீண்ட சங்கு, விடாத சங்கு.

அந்தச் சங்கு எதற்கென்று முகாமில் எல்லாருக்கும் தெரியும். நீச்சல் முடிந்து எல்லாரும் கரையேறிவிட்டார்கள், பலகையில் ஒரு வில்லை தொங்குகிறது. யாருடையது என்று யோசித்துவிட்டு ஊதுவது அங்கே பழக்கமில்லை, முதலில் ஊது, பிறகு யோசி. மார்லிஸ் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். அந்த உடம்போடு அவள் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. கரையில் பிள்ளைகள் படைவாரியாகப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அசையக் கூடாது, பேசக் கூடாது என்பது விதி. ஓடுகிற ஓட்டத்திலேயே தன் பிள்ளைகளை எண்ணினாள். எல்லாரும் இருந்தார்கள். பக்கத்து ஊர்ப் படையில் ஒருவன் குறைகிறான் என்று யாரோ கத்தினார்கள். அந்தப் பயல் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தான் என்பது பிறகுதான் தெரியவந்தது.

"என்ன கலர்?" என்று கேட்டாள்.

"வெள்ளை. பேரு அழிஞ்சிருக்கு" என்றார் யாரோ.

வெள்ளை என்றதும் அவளுக்கு உயிர் போய்விட்டது. நீந்தத் தெரியாத பிள்ளை.

பெரியவர்கள் தண்ணீரில் இறங்கிக் கைகோத்து வரிசை கட்டி, காலால் தரையைத் துழாவிக்கொண்டு முன்னேறினார்கள். மார்லிஸும் கோத்துக்கொண்டாள். லைஃப்கார்டுகள் அந்தப் பக்கம் ஆழத்தில் முங்கி முங்கித் தேடினார்கள். வரிசை நெஞ்சளவு தண்ணீரில், ஆழத்துக்கு எல்லையாகக் கட்டிய கயிற்றுக்கு வந்து நின்றது. அதற்கு மேல் போகக் கூடாது. அப்போதுதான் அவளுக்கு மிதவை ஞாபகம் வந்தது. ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற மரமிதவை. அதன் அடியில், பீப்பாய்களுக்கு நடுவே, தலை நிமிர்த்துகிற அளவுக்குக் காற்று நிற்கும். விசில் ஊதினாலும் வரப் பிடிக்காத பிள்ளைகள் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. எத்தனை பேரைக் கரையில் நின்று கத்திக் கத்தி அங்கிருந்து வெளியே வரவழைத்திருக்கிறாள்!

கையை விடுவித்துக்கொண்டு கயிற்றுக்குக் கீழே புகுந்து போனாள். மணல் முடிகிற இடம் வந்தது, தாண்டினாள். கறுப்பா நீலமா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. மிதவை விளிம்பைப் பிடித்து ஒரு மூச்சு இழுத்து, கண்ணைத் திறந்துகொண்டே அடியில் முங்கினாள். உள்ளே தலையைத் தூக்கினாள். இருட்டு, சிலந்திவலை, பாசி நாற்றம். "கண்ணு, இங்க இருக்கியா? திட்டமாட்டேன், வா" என்றாள். பீப்பாய்களுக்கு இடையே கைவிட்டுத் துழாவினாள். ஒரு மூலை, அடுத்த மூலை, எல்லா மூலையும். யாரும் இல்லை. வெளியே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி முங்கினாள்.

கரையில் ஜூனி கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். சங்கு ஊதினால் பேசக் கூடாது, சொல்ல ஏதாவது இருந்தால் கையைத் தூக்கு என்று அவளுக்குச் சொல்லித்தந்தது மார்லிஸ்தான். எவ்வளவு நேரம் தூக்கினாளோ, ஒருவரும் அவள் பக்கம் பார்க்கவில்லை. கடைசியில் விதியாவது மண்ணாவது என்று பெஞ்சுமேல் ஏறி நின்று கத்தினாள்.

"அது எங்க ஆணி! நான் என்னோடத எடுத்துட்டேன். அது மிஸ்ஸோட வில்லை!"

எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். பிறகு, மிஸ் எங்கே என்று ஏரியைப் பார்த்தார்கள். மிதவைக்குப் பக்கத்தில் ஒரு நரைத்த தலை மேலே வந்தது, காற்றை இழுத்தது, மறுபடி உள்ளே போயிற்று.

அண்டர்ஸ் நீந்திப்போய், அவள் அடுத்து மேலே வந்தபோது தோளைத் தொட்டான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், பல் கிடுகிடுக்க:

"கெடச்சுதாடா? புள்ள கெடச்சுதா?"

"கெடச்சாச்சு மிஸ்."

"எங்கடா?"

"இங்கதான். நீங்கதான் அது."

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முதலில் அவனை ஓர் அறை விட்டாள், தண்ணீரில் விழுந்தது அது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து மிதவையைப் பிடித்திருந்த கையும் நழுவியது. நழுவியும் அவள் மூழ்கவில்லை, அப்படியே மிதந்துகொண்டு சிரித்தாள். காலுக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று அண்டர்ஸுக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை.

கரைக்கு வந்ததும் பிள்ளைகள் ஆர்ப்பாட்டம் பண்ணினார்கள். அவ்வளவு தூரம் போய்வந்தாச்சே, தேறியாச்சு என்று கத்தினார்கள். டுவேன்கூடத் தூளிக்கையை ஆட்டிக்கொண்டு ஆமாம் ஆமாம் என்றார். அண்டர்ஸ் காதைச் சொறிந்தான். அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது.

"அது தேர்வு இல்ல மிஸ். கணக்குல வராது."

"வராதுதான். வந்துச்சுன்னு நீ சொல்லியிருந்தா உன் காதத் திருகியிருப்பேன்" என்றாள் மார்லிஸ். "கழிய எடு. இப்பவே பண்றேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், ஒரு குவளை சூடான சாக்லேட்டைக் கையில் கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் இறங்கினாள். முகாமே கரையில் நின்றது. போனாள், வந்தாள், மறுபடி போனாள். மணல் முடிகிற இடத்தை எப்போது தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசித் தடவை மல்லாந்து வரும்போது காது தண்ணீருக்குள் இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்தது, நில்லுங்கள் என்று எல்லாரும் கத்த, அவள்பாட்டுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டே மேடையைத் தாண்டிப் போய், கட்டியிருந்த படகில் தலையை இடித்துக்கொண்டுதான் நின்றாள். தலையில் வீக்கத்தோடு அசையாமல் மிதந்தும் காட்டினாள்.

தேறினாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில், வில்லையைக் கழற்ற மறந்த குற்றத்துக்காக அவளை மேசைமேல் ஏற்றினார்கள். ஒரு பாட்டு என்றார்கள், அவள் மூன்று பாடினாள். மற்ற ஊர்ப் படைகள் காதைப் பொத்திக்கொண்டன.

மறுநாள் மத்தியானம் படகுகள் லூன் தீவுக்குக் கிளம்பின. மார்லிஸின் படகில் முன்னால் ஜூனி. துடுப்புப் போடுகிறேன் என்று பாதி ஏரியை மிஸ்ஸின் முகத்தில் தெளித்துக்கொண்டே வந்தாள். தீவில் பிள்ளைகள் கோணல்மாணலாகக் கூடாரம் அடித்தார்கள், ஒன்று உடனே விழுந்தது, சிரித்துக்கொண்டே மறுபடி அடித்தார்கள். பிறகு வடக்குப் பக்கப் பாறைக்கு ஓடினார்கள். அந்தப் பாறையிலிருந்து குதிப்பதுதான் தீவின் முக்கியமான சமாச்சாரம். கிர்ஸ்டன் கீழே தண்ணீரில் காவலுக்கு நிற்க, லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் குதித்தார்கள். மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்ல, மூன்றுக்குக் குதிக்க வேண்டும். ஜூனியும் குதித்தாள். குதித்து, ஜாக்கெட்டோடு பொத்தென்று மேலே வந்து, நான் குதிச்சிட்டேன் என்று எல்லாருக்கும் தனித்தனியாகச் சொன்னாள்.

எல்லாரும் முடித்துத் திரும்பிப் பார்த்தால், வரிசையின் கடைசியில் மார்லிஸ் நின்றிருந்தாள். தொப்பியைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்துவிட்டு, தன் ஜாக்கெட்டின் வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். பாறை விளிம்புக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கறுகறுவென்று இருந்தது. பிள்ளைகள் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். ஒன்று என்றார்கள்.

இரண்டு சொல்வதற்குள் அவள் காற்றில் இருந்தாள்.

பெரிய சத்தம், பெரிய அலை. தலை மேலே வந்ததும் முடியை ஒதுக்கித் தண்ணீரைத் துப்பினாள். பாறைமேல் ஏறிவந்திருந்த ஜூனிக்கு நியாயம் பொறுக்கவில்லை, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், நாங்க இன்னும் மூணு சொல்லவே இல்ல."

"இத்தன வருஷம் காத்திருந்தது போதாதாடி?" என்றாள் மார்லிஸ்.